எழுபது லிட்டர் கணக்கு: சிறுநீர் பிறக்கும் விதம் பற்றிய கருத்தின் வரலாறு

சிறுநீர் பிறக்கும் இடம் சிறுநீரகம் என்பதையே ஒரு காலத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலன், உயிருள்ள விலங்கின் சிறுநீர்க்குழாய்களை நூலால் கட்டினார். கட்டுக்கு மேலே குழாய் புடைத்தது. சிறுநீர்ப்பை காலியாகக் கிடந்தது. நீர் ஆவியாகிப் பையில் இறங்குகிறது என்ற எதிர்த்தரப்பு வாதம் அதோடு அடிபட்டது. ஆனால் இரத்தம் எவ்வாறு சிறுநீராகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது.

1662இல் லொரென்ஸோ பெல்லினி என்ற 19 வயது இளைஞர், சிறுநீரகம் கெட்டியான சதைப்பிண்டம் அல்ல, நுண்குழல்களின் கட்டு என்று காட்டினார். 1666இல் மார்செல்லோ மால்பிகி, சாராயம் கலந்த கரிய திரவத்தைச் சிறுநீரகத் தமனியில் செலுத்திவிட்டு, உறுப்பைப் பிளந்து பார்த்தார். இரத்தக்குழல் கிளைகளில் ஆப்பிள் காய்த்தது போலக் கரிய உருண்டைகள் தொங்கின. இன்று பாடநூல்களில் குளாமருலஸ் என்று படிப்பவை அவையே. உருண்டைக்கும் குழலுக்கும் உள்ள இணைப்பை மட்டும் அவரால் காட்ட முடியவில்லை.

அந்த இணைப்பு துலங்க 1842 வரை ஆயிற்று. லண்டனில் வில்லியம் பௌமன், உருண்டையைப் பொதிந்திருக்கும் கிண்ணமே குழலாக நீள்கிறது என்று கண்டார். கண்டது சரி, சொன்ன விளக்கம் பாதிதான் சரி. குளாமருலஸ் வெறும் நீரைத் தருகிறது, குழல் சுரக்கும் கழிவை அந்த நீர் அலசிச் செல்கிறது என்றார் அவர். அதே ஆண்டு ஜெர்மனியின் மார்பர்க்கில் கார்ல் லூட்விக் நேர்மாறாகச் சொன்னார்: இரத்த அழுத்தம் புரதம் நீங்கிய திரவத்தைக் கிண்ணத்துக்குள் பிழிகிறது, குழலில் போகப்போக நீர் இரத்தத்துக்கே திரும்புகிறது, எஞ்சுவது சிறுநீர். இருவரும் 1816இல் பிறந்தவர்கள். ஒரே உறுப்பைப் பார்த்து இரு வேறு முடிவுக்கு வந்தார்கள்.

லூட்விக்கை அசைத்தவர் பிரெஸ்லாவ் பேராசிரியர் ருடால்ஃப் ஹைடன்ஹைன். 1874இல் அவர் முயலின் தண்டுவடத்தை வெட்டி, இரத்த அழுத்தத்தை வீழ்த்தி, சிறுநீர் ஓட்டத்தை நிறுத்தினார். பிறகு நீலச் சாயம் ஏற்றினார். குழல்களின் செல்கள் நீலமாயின. கிண்ணங்களில் நிறமே இல்லை. சாயத்தைவிட வலுவான ஆயுதம் அவருடைய கணக்கு. ஒருவர் நாளுக்கு 35 கிராம் யூரியா கழிக்கிறார். இரத்தத்தில் அது 0.05 சதவீதம். வடிகட்டுவதாலேயே இது நடக்கிறது என்றால் 70 லிட்டர் வடிய வேண்டும், ஏறக்குறைய அத்தனையும் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். குடம் குடமாக இறைத்து அதே கிணற்றில் கொட்டும் வேலை! உடல் இவ்வளவு வீண் உழைப்பு உழைக்காது என்பது அவர் வாதம். இயற்கை சிக்கனமானது என்ற நம்பிக்கைதான் இங்கே சான்றின் இடத்தில் அமர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

வழக்கைத் திருப்பியது ஒரு தவளை. 1920களின் தொடக்கத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் ரிச்சர்ட்ஸும் ஜோசஃப் வேர்னும், உயிருள்ள தவளையின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிண்ணத்தில் மயிரினும் மெல்லிய கண்ணாடிக் குழலைச் செருகித் திரவத்தை எடுத்தார்கள். அதில் சர்க்கரை இருந்தது, குளோரைடு இருந்தது, புரதம் இல்லை. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் சர்க்கரையே இல்லை. வழியில் யாரோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். 1924இல் வெளியான இந்த முடிவு லூட்விக்குக்குச் சாதகம்.

அதற்காக ஹைடன்ஹைன் முழுத் தோல்வியும் அடையவில்லை. 1928இல் ஈ. கே. மார்ஷலும் அவர் சகாவும் லோபியஸ் என்ற கடல்மீனை ஆராய்ந்தபோது, குளாமருலஸ் இல்லாமலேயே அதன் சிறுநீரகம் சிறுநீர் உண்டாக்குவதைக் கண்டார்கள். குழல் சுரக்கவும் செய்யும்.

எவ்வளவு வடிகிறது என்ற அளவு மட்டும் பாக்கி. இனுலின் என்ற தாவரச் சர்க்கரைப்பொருள் வடியும், உறிஞ்சப்படாது, சுரக்கப்படாது. 1930களில் ஹோமர் ஸ்மித் முதலியோர் அதைக் கொண்டு அளந்தபோது கிடைத்தது நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர், அதாவது நாளுக்கு 180 லிட்டர். வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர்.

நம்ப முடியாது என்று தள்ளிய 70 லிட்டர் உண்மையில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஹைடன்ஹைனின் வகுத்தலில் பிழையில்லை. வடிந்த யூரியாவிலும் ஏறத்தாழ பாதி இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது என்பது அவர் காலத்தில் தெரிந்திருக்கவில்லை.