குள்ளர் வீடுகளும் இப்னு கல்தூனும்

ஒரு காலத்து மக்களின் அன்றாட வாழ்வை அறிய விழைவோர், அக்காலத்து அரசர்களின் போர்களைப் படிப்பதோடு நின்றுவிடலாகாது. அம்மக்கள் கையாண்ட கருவிகளையும், அவர்கள் விரும்பி அணிந்த அணிகளையும், அவர்கள் எழுப்பிய கட்டடங்களையும் ஆராய்தல் வேண்டும். இது இன்றைய சமூகவியலார் புதிதாகக் கண்டறிந்த உண்மையன்று. துனிஸ் நகரில் 1332இல் பிறந்து கெய்ரோவில் 1406இல் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்), 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் கைத்தொழில்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளார். மக்கள் கூடி வாழும் வாழ்க்கையை அவர் 'உம்ரான்' என்று அழைத்தார். அந்த உம்ரான் எந்த அளவுக்கு வளர்ந்துள்ளதோ, அந்த அளவுக்கே தொழிலும் கலையும் வளரும். அது குன்றினால் அவையும் குன்றும் என்பது அவரது கொள்கை. இந்த அளவுகோலைக் கொண்டு நம் தமிழகத்து மலைப்பகுதி ஒன்றின் பழஞ்சின்னங்களை அளந்து பார்ப்பதே நம் நோக்கமாகும்.

திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப் பழனிமலையில் ஆடலூர் என்னும் சிற்றூர் உள்ளது. காப்பி, மிளகு, ஏலம், மலைவாழை ஆகியவை விளையும் நிலம் அது. ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி முதலிய ஊர்களை உள்ளடக்கிய இம்மலைத்தொடரில் கற்திட்டைகள் பல காணப்படுகின்றன. பலகைபோன்ற கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின் மேல் பெருங்கல் ஒன்றை மூடியாக இட்டு அமைத்த ஈமச் சின்னங்கள் இவை. செண்பகனூரில் வாழ்ந்த சேசு சபைத் துறவியரான ஆங்கிலேடும் நியூட்டனும் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை, இந்தியத் தொல்லியல் துறை 1928இல் தனது நினைவேட்டு வரிசையில் 36ஆவதாக வெளியிட்டது. பின்னர் 2000களில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழாய்வு நடத்தினர்.

இத்தகைய சின்னங்களைத் தமிழக மக்கள் 'குள்ளர் வீடு' என்றும் 'பாண்டவர் குழி' என்றும் அழைத்து வந்துள்ளனர். அறையின் சிறுமையைக் கண்டவர்கள், இதில் வாழ்ந்தோர் முழங்கால் உயரக் குள்ளர்களாக இருந்திருப்பர் என எண்ணினர். மூடுகல்லின் பருமையைக் கண்டவர்களோ, இதைத் தூக்கி வைத்தோர் பேராற்றல் வாய்ந்த இதிகாச வீரர்களாகவே இருத்தல் வேண்டும் என நம்பினர். இரு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், இரண்டின் வேரும் ஒன்றே. இவற்றை எழுப்பியோர் நம்மைப் போன்ற மனிதர்கள் என்பதை இரண்டுமே மறுக்கின்றன.

இதே மயக்கம் அரபுலகிலும் இருந்தது. எகிப்தின் பிரமிடுகளையும், மதாயின் நகரின் கிஸ்ரா மாளிகையையும், கார்த்தேஜின் நீர்க்கால்வாயையும் கண்ட பொதுமக்கள், முற்காலத்தார் மலையொத்த உடலினர் எனக் கதை புனைந்தனர். இப்னு கல்தூன் இதனை வன்மையாக மறுத்தார். பாறையைக் குடைந்து சமூது கூட்டத்தார் அமைத்த வீடுகளும் அவற்றின் வாயில்களும் வழக்கமான அளவிலேயே உள்ளன என்பதை அவர் சான்றாகக் காட்டினார். பெருங்கட்டடத்தின் காரணம் பேருடல் அன்று. பலரின் உழைப்பை ஒருங்குதிரட்டிய அமைப்பும், மனித வலிமையைப் பன்மடங்காக்கும் பொறிகளுமே காரணம் என்றார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் கெய்ரோவிலும் மக்ரிபிலும் கூறப்பட்ட இவ்விடை, பழனிமலைக் கற்திட்டைகளுக்கும் பொருந்துகிறது.

எவ்வாறெனில், பாறையின் மேல் தீ மூட்டிச் சூடேற்றி, நீர் ஊற்றி வெடிக்கச் செய்து, பலகையாகப் பெயர்த்தெடுக்கும் முறை தென்னாட்டுக் கல்தச்சர் அறிந்ததேயாகும். அப்பலகையை உருளைக் கட்டைகள், கயிறு, நெம்புகோல் ஆகியவற்றால் நகர்த்தலாம். மண்ணைச் சரிவாகக் கொட்டி அதன் வழியே மேலேற்றலாம். இதற்குத் தேவை ஒத்துழைக்கும் பல கைகளும், அவர்கள் வேலை செய்யும் நாட்களில் அவர்களுக்கு உணவும் ஆகும். தனியொரு குடும்பம் இதனைச் செய்தல் இயலாது. ஆகவே, ஊராகக் கூடி வாழ்ந்த ஒரு சமுதாயம், தன் அன்றாடத் தேவைக்கு மேல் சிறிது உணவைச் சேர்த்து வைத்திருந்தது என்பதற்கு அந்த மூடுகல்லே சாட்சி.

இங்கும் இப்னு கல்தூன் துணை நிற்கிறார். ஒரு மனிதன் தனக்கு வேண்டிய கோதுமையைத் தானே தனித்து விளைவிக்க இயலாது. கொல்லர், தச்சர், உழுவோர், அறுப்போர் எனப் பலர் கூடியே விளைவிக்கின்றனர். அவ்வாறு கூடும்போது அவர்கள் தேவையைக் காட்டிலும் பல மடங்கு விளைகிறது என அவர் விளக்கினார். பழனிமலையின் அடிவாரத்திலுள்ள பொருந்தலில் கா. ராஜன் குழுவினர் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழ்ந்த ஈமச்சின்னம் ஒன்றில், நான்கு கால்களையுடைய சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 என அறிவியல் முறையில் கணிக்கப்பட்டது. இறந்தவருக்காக நெல்லை ஒதுக்கி வைக்கும் அளவுக்கு இருப்போரிடம் நெல் இருந்தது.

தொழில்நுட்பத்திலிருந்து கலைக்கு வருவோம். இக்காலத்துக் கலங்களுள் சிறப்பானவை உள்ளே கருமையும் வெளியே செம்மையும் கொண்டவை. சூளையில் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப் படாத உட்புறம் கறுத்து, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது என்பர் ஆய்வாளர். சமையலுக்கும் உணவுக்கும் இரு வண்ணம் தேவையில்லை. எனினும் குயவர் அதனை விரும்பிச் செய்தார்; மக்களும் விரும்பி வாங்கினர். தேவையும் அழகும் ஒரே சூளையில் வெந்தன.

சூதுபவள மணிகள் தரும் செய்தி இன்னும் வியப்பானது. தாண்டிக்குடியில் அம்மணிகள் கிடைத்துள்ளன. கொங்கு நாட்டுக் கொடுமணலில் ஒரே ஈமக்குழியில் 2000க்கும் மேற்பட்டவை கிடைத்தன. இக்கல் பழனிமலையில் விளைவதன்று. இதன் புகழ்பெற்ற விளைநிலம் குஜராத் ஆகும். அரபியர் இதனை 'அகீக்' என்பர். அல்பீரூனி (ரஹ்) மணிகளைப் பற்றித் தனி நூலே இயற்றினார் என்பது இக்கல்வகைகளுக்கு நம் முன்னோர் தந்த மதிப்பைக் காட்டும். சூதுபவளத்தைத் தீயில் பதமாகச் சுட்டால்தான் அதன் சிவப்பு முழுமை பெறும். பின்னர் தேய்த்து, மெருகிட்டு, நுண்ணிய துளையிட வேண்டும். ஆக, மலையில் வாழ்ந்த ஒருவர் கழுத்தில் அணிந்த மணி, தொலைதூரத்துச் சுரங்கத்தையும், வணிகர் பாதையையும், மாற்றாகக் கொடுக்க இவர்களிடம் ஏதோ ஒரு பொருள் இருந்ததையும் ஒருங்கே உரைக்கிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஈமச்சின்னம் வாழ்வின் முழுக் கண்ணாடி ஆகாது. கல்லில் நின்றது இறந்தோரின் வீடே. மண்ணாலும் புல்லாலும் அமைந்த இருந்தோரின் வீடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. நம் கபர்ஸ்தான்களை மட்டுமே ஆராயும் வருங்கால அறிஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அணியும் கலமும் இல்லாத எளிய மண்குழிகளைக் கண்டு, கலையறியாத வறிய சமுதாயம் இது என அவர் முடிவு கட்டுவார். கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கல்தூண்களையோ, காயல்பட்டினத்தின் அரபுத்தமிழ் ஏடுகளையோ அவர் அறியமாட்டார். ஆகவே, கல்லறையில் காண்பது அம்மக்களின் வாழ்வில் ஒரு பகுதியே என்னும் அடக்கம் ஆய்வாளருக்கு வேண்டும்.

இன்றைய ஆடலூரும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டதே. அங்கு விளையும் காப்பியின் பெயர் அரபியரின் 'கஹ்வா'விலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் சூஃபிப் பெரியார் யமன் நாட்டிலிருந்து அதன் விதையைக் கர்நாடகத்துச் சிக்மகளூர் மலைக்குக் கொணர்ந்தார் என்பது மரபுச் செய்தி. அன்று சூதுபவளம் வந்ததுபோல் பின்னர் காப்பியும் தொலைவிலிருந்து வந்து இம்மலை மக்களின் அன்றாடமாயிற்று. காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் பொறியும், காயவைக்கும் களமும், தோட்டத் தொழிலாளியின் கையிலுள்ள கைபேசியும் நம் காலத்தை வருங்காலத்துக்கு உரைக்கும் சான்றுகளாக அமையும்.

ஆனால் அவ்வாறு உரைப்பதற்கு அவை எஞ்சியிருத்தல் வேண்டும். புதையல் வேட்கையாலும், கல் தேவையாலும் தமிழகத்தில் பல ஈமச்சின்னங்கள் சிதைந்துவிட்டன. ஹாரூன் ரஷீத் கிஸ்ரா மாளிகையை இடிக்க முயன்று இயலாமல் கைவிட்டார் என்றும், கட்டுவதைவிட இடிப்பது எளிதாயிருந்தும் ஒரு பேரரசால் முடியவில்லை என்றும் இப்னு கல்தூன் குறித்தார். நம் காலத்திலோ ஓர் இயந்திரமும் ஒரு முற்பகலும் போதும். குள்ளர் வீடு என்று கருதும்வரை அதனை இடிப்பவர் கை நடுங்காது. அது நம்மைப் போலவே உழுது, உண்டு, அழகை விரும்பி, இறந்தோரை மறவாதிருந்த மனிதர் எழுப்பியது என்பதை அம்மலையின் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாயின், அதுவே அக்கற்களுக்கு உறுதியான வேலியாக அமையும்.