கோதை முதல் குறிஞ்சி வரை: தமிழ்ப் பெண்பெயர்களில் பூக்கள் இடம்பெற்ற வரலாறு

முன்னுரை

பெண் குழந்தைக்குக் குவளை, காந்தள், குறிஞ்சி, வாகை எனப் பூவின் பெயரை அடைமொழியோ விகுதியோ இன்றி அப்படியே இடுவது இன்றைய தமிழ்நாட்டில் அருகியே காணப்படும் ஒரு வழக்கம் ஆகும். இத்தகைய பெயரைக் கேட்போரில் ஒரு சாரார் அதனைப் புதுமை என்பர். மற்றொரு சாரார் அதனைப் பழந்தமிழ் மரபின் மீட்சி என்பர். இவ்விரு கூற்றுகளும் பாதி உண்மையே. தமிழர் பூவைச் சூடினர், பாடினர், போருக்கும் ஒழுக்கத்துக்கும் அடையாளமாக வைத்தனர். ஆயினும் அதனைப் பெண்ணுக்கு நேரடிப் பெயராக இடுவதில் நெடுங்காலம் தயக்கம் காட்டினர். பூவைச் சூடியவள், பூவில் வீற்றிருப்பவள், பூவைப் போன்றவள் எனப் படிப்படியாக நகர்ந்த பெயரிடுமுறை இறுதியில்தான் பூவையே பெயராக்கும் நிலையை அடைந்தது என்பதை இலக்கியப் பெயர்கள், கோயில் பெயர்கள், மக்கள் வழக்கு ஆகிய மூன்றையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பாட்டில் மிகுதி, பெயரில் அருமை

சங்க இலக்கியத்தில் பூவுக்கு உரிய இடம் மிகப் பெரிது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் அகத்திணைப் பெயர்களும், வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை முதலிய புறத்திணைப் பெயர்களும் செடிகொடி மரங்களின் பெயர்களே ஆகும். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்களாக 99 பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் அத்தலைவிக்கோ தோழிக்கோ அப்பாட்டில் பெயர் இல்லை. அகப்பாடலில் காதலர் இன்னார் எனப் பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய விதி ஆகையால், பூப்பெயர்கள் மிகுதியாகத் திரண்டிருக்கும் இலக்கியப் பரப்பிலேயே பெண்பெயர்கள் முற்றிலும் மறைந்து நிற்கின்றன.

அக்காலப் பெண்பெயர்களை அறிய எஞ்சியிருக்கும் முதன்மையான வழி புலவர் பெயர்களே. ஔவையார், வெள்ளிவீதியார், ஆதிமந்தியார், நக்கண்ணையார், நச்செள்ளையார், நப்பசலையார் எனத் தொடரும் அவ்வரிசையில் பூப்பெயர் தெளிவாகத் தெரியும் பெயர் அள்ளூர் நன்முல்லையார் என்பதாகும். கண்ணை, செள்ளை, பசலை என்பவற்றின் முன் நின்ற ‘ந’ என்னும் சிறப்பு முன்னொட்டும், முல்லையின் முன் நின்ற ‘நல்’ என்னும் அடையும் ஒரே பொருளன. அவற்றை நீக்கிப் பார்த்தால் அப்புலவரின் பெயர் முல்லை என்றே நிற்கிறது. குறுந்தொகையில் பல பாடல்களைப் பாடிய இவர், முதலில் கண்ணுக்கு இனிய பூவாக இருந்து பின்னர் முள்ளாக மாறும் நெருஞ்சியை உவமையாக்கிக் கணவனின் மாற்றத்தைப் பாடியவரும் ஆவார்.

காப்பிய காலத்தில் மாதவி என்னும் பெயர் கவனத்துக்குரியது. மாதவி என்பது குருக்கத்தி எனத் தமிழில் வழங்கும் கொடிக்கு வடமொழியில் உள்ள பெயராகும். இளங்கோவடிகள் இப்பொருளை அறிந்தே கையாண்டார் என்பதைச் சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதை காட்டுகிறது. மாதவியின் ஓலையைச் சுமந்து வந்த கோசிகன், துயரால் உருமாறிய கோவலனை அடையாளம் காண இயலாமல், வாடிநின்ற குருக்கத்திக் கொடியை நோக்கி அதுவும் மாதவியைப் போலக் கோவலனின் பிரிவால் வாடியதோ என்று பேச, அதைக் கேட்ட கோவலன் அவனிடம் வருகிறான். பெண்ணின் பெயரும் கொடியின் பெயரும் ஒன்றாக இருப்பதே இங்குக் கதையை நகர்த்தும் கருவியாகிறது. பின்னர்த் தோன்றிய சீவக சிந்தாமணியில் சீவகனின் மனைவியருள் பதுமை, சுரமஞ்சரி என்னும் இருவரின் பெயர்களும் முறையே தாமரையையும் பூங்கொத்தையும் குறிக்கும் வடசொல் வழிப்பட்டவை.

பூவைச் சூடியவள்

பக்தி இயக்கம் பூவையும் பெண்பெயரையும் வேறொரு முறையில் இணைத்தது. பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து இறைவனுக்கு மாலை தொடுத்தவர். அவர் வளர்த்த மகளுக்குக் கோதை என்று பெயர். கோதை என்றால் மாலை. இங்குப் பெயராவது தனிப்பூ அன்று, தொடுக்கப்பட்ட பூ. இறைவனுக்குரிய மாலையைத் தாம் சூடிக் கொடுத்த செயலால் அப்பெயர் ஆண்டாளின் வாழ்க்கை வரலாற்றின் சுருக்கமாகவே ஆயிற்று.

சிவன் கோயில்களில் அம்மனுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களும் இவ்வகையினவே. காளத்தியில் ஞானப்பூங்கோதை, திருவாலங்காட்டில் வண்டார்குழலி, திருச்சிராப்பள்ளியில் மட்டுவார்குழலி, திருவாரூரில் நீலோற்பலாம்பாள் எனப்படும் அல்லியங்கோதை ஆகிய பெயர்களை நோக்கினால், பூவோ தேனோ வண்டோ அம்மனின் கூந்தலையும் மாலையையும் சார்ந்தே வருவது புலனாகும். இவற்றுள் பூங்கோதை போன்றவை இலக்கணத்தில் அன்மொழித்தொகை எனப்படும். அதாவது, சொற்களில் வெளிப்படையாக இல்லாத ஒருத்தியை அச்சொற்களின் சேர்க்கை சுட்டி நிற்பதாகும். பூவாலான மாலையை உடையவள் என்பதில் ‘உடையவள்’ என்பது மறைந்து நின்று பெண்ணைக் குறிக்கிறது. வைணவ மரபில் அலர்மேல்மங்கை, அதாவது பூவின்மேல் வீற்றிருக்கும் மங்கை, என்னும் திருமகளின் பெயர் மக்கள் நாவில் அலமேலு எனத் திரிந்தது. இன்று அலமேலு என்னும் பெயரில் பூ ஒளிந்திருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சோழர் காலக் கல்வெட்டுகளில் பெண்பெயர்கள் பெருந்தொகையாகக் கிடைக்கும் இடம் தஞ்சைப் பெரிய கோயிலாகும். முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து அங்குக் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல்மகளிர் 400 பேரின் பட்டியலில் எடுத்தபாதம், திருவையாறு, மறைக்காடு, சோழகுலசுந்தரி போன்ற, பூவைச் சாராத பெயர்கள் இடம்பெற்றுள்ளன. இறைவனின் தோற்றம், தலத்தின் பெயர், அரச குடியின் பெருமை ஆகியவை பெண்பெயருக்கு ஊற்றாக விளங்கிய காலம் அது என்பதை இவை உணர்த்துகின்றன.

ஒரு தாமரை, பல பெயர்கள்

பிற்காலத்தில், குறிப்பாக 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பெண்பெயர்களில் பூ பெருகியதாகத் தோன்றினும் கூர்ந்து நோக்கினால் பெருகியது ஒரே பூ என்பது தெரியவரும். திருமகளுக்குரிய தாமரை வடமொழிச் சொற்களின் வழியே பத்மா, கமலா, நளினி எனவும், நீரிலும் குளத்திலும் சேற்றிலும் பிறந்தது என்னும் பொருளில் அம்புஜம், ஜலஜா, வனஜா, சரோஜா, பங்கஜம் எனவும் பல வடிவங்களைப் பெற்றது. ஒரே வீட்டில் மூன்று சகோதரியருக்கு மூன்று வேறு பெயர் வைத்தும் மூன்றும் தாமரையாகவே அமைய இடமிருந்தது. சேற்றில் பிறந்தது என்னும் நேர்ப்பொருளைத் தமிழில் பெயராக இட எவரும் முன்வந்திரார். பங்கஜம் என்னும் வடசொல் அப்பொருளை மறைத்துத் தெய்வத் தொடர்பை மட்டும் முன்னிறுத்தியது.

இதன் செல்வாக்குத் தொடக்ககாலத் தமிழ் நாவல்களில் வெளிப்படையாகத் தெரிகிறது. பி.ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது, அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் வெளியாயிற்று. இரண்டின் தலைவியரும் தாமரைப் பெயரினர். விடுதலைப் போராட்ட வீராங்கனை எஸ். அம்புஜம்மாளின் பெயரும் தாமரையே. 1901இல் பிறந்த நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகியின் பெயரோ ஆண்டாள் மரபைத் தொடர்ந்தது.

ஊர்ப்புறமும் பிற சமயங்களும்

எழுத்து வழக்கிலிருந்து விலகி நின்ற உழவர் குடும்பங்களில் பெயரிடுமுறை வேறாக இருந்தது. பூவாயி, பூவாத்தாள், செவந்தி, செண்பகம், மருக்கொழுந்து என்பன அங்கு இயல்பான பெயர்கள். இவற்றுள் சிலவற்றுக்குக் கோயில் சார்பு உண்டு: செண்பகவல்லி கோவில்பட்டி அம்மனின் பெயர், செவ்வந்திநாதர் திருச்சிராப்பள்ளி இறைவனின் பெயர். பூவின் தமிழ்ப் பெயர் தனித்து நின்று பெண்ணைக் குறித்ததற்கு நாட்டார் மரபில் சிறந்த சான்று அல்லி ஆகும். அல்லி அரசாணி மாலை என்னும் கதைப்பாடலில் மதுரையை ஆண்டு அருச்சுனனுக்கு அடங்க மறுக்கும் அரசியின் பெயர் அல்லி. பெண் கோலோச்சும் இடத்தை ‘அல்லி ராஜ்யம்’ என்று ஏளனமாகக் கூறும் வழக்கும் இக்கதையிலிருந்து பிறந்ததே.

கிறித்தவர்களிடையே ரோஸ், லில்லி, டெய்சி, வயலட் முதலிய பெயர்கள் ஆங்கிலேயர் தொடர்பால் பரவின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலேயே பூப்பெயர்கள் பெருவழக்காகியிருந்தமை இதற்குத் துணைநின்றது. இசுலாமியர்களிடையே பாரசீக வழிவந்த யாஸ்மின், நர்கிஸ், குல்நார் ஆகியவை வழங்கின. யாஸ்மின் என்னும் பாரசீகச் சொல்லே ஐரோப்பிய மொழிகளின் வழியே ஜாஸ்மின் ஆகித் திரும்பி வந்தது. ஆகவே ஒரே தெருவில் முல்லை, மல்லிகா, யாஸ்மின், ஜாஸ்மின் என்னும் நால்வர் வாழ்ந்தால், அவர்கள் தாவர இயலார் ஜாஸ்மினம் என ஒன்றாக வகுக்கும் பேரினத்தின் பெயரையே தத்தம் மரபின் வழியில் பெற்றவர்கள் ஆவர்.

அச்சும் தனித்தமிழும்

பூவை நேரே பெயராக்கும் போக்குக்கு அடித்தளம் இட்டவை இரண்டு. முதலாவது, பழந்தமிழ் நூல்கள் அச்சேறியமை. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரால் அச்சிடப்பட்டது. ஏட்டுச் சுவடிகளில் அடைபட்டிருந்த பூப்பெயர்கள் பாடநூல்களுக்கும் மேடைகளுக்கும் வந்தது இதனால்தான். பிற்காலத்தில் பி.எல். சாமி போன்றோர் அப்பெயர்களுக்குரிய செடிகொடிகளைத் தாவர இயல் முறையில் அடையாளம் கண்டனர்.

இரண்டாவது, 1916இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கம். வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகள், தம் மகள் திரிபுரசுந்தரியின் பெயரையும் முந்நகரழகி என மொழிபெயர்த்தார். தமிழ்ப்பெயர் சூட்டலைத் திராவிட இயக்கம் பொதுமேடை நிகழ்ச்சியாக்கிய பிறகு தாமரைச்செல்வி, மலர்விழி, மலர்க்கொடி, பூங்கொடி, முல்லைக்கொடி முதலியவை பெருகின. முடியரசன் 1964இல் மொழிப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு இயற்றிய காப்பியத்துக்கும் அதன் தலைவிக்கும் பூங்கொடி என்றே பெயர். அதற்கு முன்பே, 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரில் கல்கி படைத்த கோடிக்கரை ஓடக்காரப் பெண் பூங்குழலி அப்பெயரை வாசகர் இல்லங்களுக்குள் கொண்டுசேர்த்திருந்தாள். எனினும் இப்பெயர்களும் கொடி, செல்வி, விழி, குழல் என்னும் துணைச்சொல்லை நாடியே நின்றன. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ நாவல் இதனைத் தெளிவாகக் காட்டும்: பூவின் பெயர் நூலுக்கு அமைந்தது, தலைவிக்குப் பூரணி என்றும் தலைவனுக்குத் தாமரையைக் குறிக்கும் அரவிந்தன் என்றும் பெயர் அமைந்தன, வாசகர் பலர் தம் குழந்தைகளுக்கு இட்டவையும் இவ்விரு பெயர்களே.

ஏற்கப்பட்டவையும் ஒதுக்கப்பட்டவையும்

துணைச்சொல்லை விலக்கிப் பூவின் பெயரை மட்டும் தேர்ந்தெடுக்கும் இன்றைய பெற்றோருக்கு மூன்று தடைகள் எதிர்ப்படுகின்றன. முதல் தடை பூவின் மீது ஏறியுள்ள பொருளாகும். பிச்சி, தோவாளைச் சந்தையிலும் தென்மாவட்ட வீடுகளிலும் விரும்பப்படும் மணமிக்க பூவாயினும், அச்சொல்லுக்குப் பித்துப் பிடித்தவள் என்னும் பொருளும் உண்மையால் பெயராவதில்லை. எருக்கும் ஊமத்தையும் சிவனுக்கு உரியனவாயினும் வீட்டுக்கு ஆகாதனவாகக் கருதப்படுகின்றன. மடகாசுகரிலிருந்து வந்த ஒரே செடிக்கு நித்தியகல்யாணி எனவும் சுடுகாட்டுமல்லி எனவும் இரு பெயர்கள் உண்டு. முன்னது மங்கலமாகவும் பின்னது அமங்கலமாகவும் ஒலிப்பது, விலக்கப்படுவது பெரும்பாலும் பூவன்று, சொல்லே என்பதைக் காட்டுகிறது. காந்தளின் கிழங்கு நஞ்சுடையது. ஆயினும் முருகனுக்குரிய பூவாகவும் தமிழ்நாட்டின் மாநில மலராகவும் அது பெற்ற மதிப்பு அக்குறையை மறைத்துப் பெயராகும் தகுதியைத் தந்துள்ளது.

இரண்டாவது தடை சோதிடம். நட்சத்திரத்தின் ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு தொடக்க எழுத்தை வகுக்கும் வழக்கில் சுவாதிக்கு ரு, ரே, ரோ, தா என்பவை உரியன. ரகரமும் லகரமும் மொழிக்கு முதலில் வாரா என்பது தமிழ் இலக்கண விதியாதலால், அவ்வெழுத்துகளில் தொடங்கும் தமிழ்ப் பூப்பெயர் கிடைப்பதில்லை. ரோஜா பொருந்துவதும், அதே நட்சத்திரத்தின் நான்காம் பாதத்துக்குத் தாமரை பொருந்துவதும் குறிப்பிடத்தக்கவை. மூன்றாவது தடை எழுத்துமாற்றம். ஆங்கில எழுத்துகளுக்கு எண்மதிப்பு இடும் எண்கணிதமும், பள்ளி மற்றும் கடவுச்சீட்டு ஆவணங்களும் ஆங்கில வடிவத்தை முதன்மையாக்குவதால், தாழை, வாழைப்பூ என்பவற்றின் ழகரமும் குவளை, காந்தள் என்பவற்றின் ளகரமும் தம் ஒலியை இழக்கின்றன. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரை ஓராண்டு வரை கட்டணமின்றியும், பின்னர்த் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரையும் சேர்க்கச் சட்டம் இடமளிப்பதால், அரிய பெயரை ஆராய்ந்து தெரிவு செய்வதற்குப் போதிய காலம் பெற்றோருக்கு உண்டு.

முடிவுரை

தமிழ்ப் பெண்பெயரில் பூவின் வரலாறு நான்கு நிலைகளைக் கடந்துள்ளது. கோதை, குழலி என்னும் நிலையில் பூ அணியாக நின்றது. பத்மா, பங்கஜம் என்னும் நிலையில் தெய்வத்தின் அடையாளமாக வடசொல்லுள் மறைந்தது. தாமரைச்செல்வி, பூங்கொடி என்னும் நிலையில் தமிழ்ச் சொல்லாக மீண்டும் துணைச்சொல்லோடு இணைந்து நின்றது. குவளை, குறிஞ்சி என்னும் இன்றைய நிலையில் துணையின்றி நிற்கிறது. இந்நான்காம் நிலை, வீட்டில் வழிவழியாக வந்த பெயரிடும் மரபின் தொடர்ச்சி அன்று. அச்சேறிய இலக்கியத்தைப் படித்ததன் விளைவு. நாட்டார் வழக்கில் அல்லியும் செவந்தியும் எழுத்தின் துணையின்றியே அந்நிலையை முன்னரே எய்தியிருந்தன என்பதையும் மறத்தலாகாது. அரிய பூப்பெயரை இடுவோர் அதனை முன்னோர் வழக்கம் என்று சொல்வதற்குச் சங்கப் புலவர் வரிசையிலிருந்து காட்டக்கூடிய தெளிவான சான்று ஒன்றே: அள்ளூரில் வாழ்ந்த முல்லை.