பொதுப்பணமும் பொதுமென்பொருளும்: தமிழ்நாட்டில் கட்டற்ற இயங்குதளத்தின் வரலாறு – சேரன்மகாதேவிக் குருகுல வினாவை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

2011ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் 'பாஸ்' எனப்படும் பாரத் இயங்குதளத் தீர்வுகள் லினக்சு நிறுவப்பட்டிருந்தது. இந்தியாவில் உருவாக்கப்பட்ட கட்டற்ற இயங்குதளம் ஒன்று இவ்வளவு வீடுகளுக்குள் ஒருசேரச் சென்றது அரிய நிகழ்வாகும். ஆயினும் அது அன்றாடப் பயன்பாட்டுத் தளமாக நிலைபெறவில்லை. இதற்கான காரணங்களை எழுத்துருக் குறியாக்கம், பாடத்திட்டம், அரசு அலுவலக நடைமுறை ஆகிய மூன்று தளங்களில் இக்கட்டுரை ஆராய்கிறது. பொதுப்பணத்தில் இயங்கும் கல்வியின் தன்மை குறித்துச் சேரன்மகாதேவியில் 1920களில் எழுந்த வினா இவ்வாய்வுக்குப் பின்புலமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், பாஸ் லினக்சு, சேரன்மகாதேவி, ஒருங்குறி, எல்காட், பொதுக்கல்வி.

முன்னுரை

தாமிரபரணிக் கரையில் அமைந்த சேரன்மகாதேவி, தமிழகக் கல்வி வரலாற்றில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தால் அறியப்படுகிறது. 1922இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் தாய்மொழிவழிக் கல்வியையும் கைத்தொழிற் பயிற்சியையும் இணைக்க முற்பட்டது. அதற்குத் தமிழ்நாடு காங்கிரசுக் குழு ரூ. 5,000 வழங்கியிருந்தது. அங்குப் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி நடைபெற்றது தெரியவந்தபோது பெ. வரதராசுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் கடுமையாக எதிர்த்தனர். 1924–25இல் நிகழ்ந்த அவ்விவாதத்தின் மையத்தில் ஒரு வினா இருந்தது: பொதுமக்களின் பணத்தால் நடைபெறும் கல்வி நிறுவனம் அனைவருக்கும் ஒரேபடியாகத் திறந்திருக்க வேண்டாமா என்பதே அது.

சாதி இழைக்கும் இழிவையும் மென்பொருள் உரிமம் விதிக்கும் தடையையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. எனினும் பொதுப்பணம் எத்தகைய கல்விப் பொருளை வாங்க வேண்டும் என்ற வினா, கணினி பள்ளிக்குள் நுழைந்த காலத்தில் மீண்டும் எழுந்தது. பயன்படுத்துவோர் தாமே ஆராயவும் திருத்தவும் பிறருடன் பகிரவும் இயலும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்பர். இவ்வுரிமைகளை வலியுறுத்தி ரிச்சர்டு இசுடால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் இலினசு தோர்வால்டுசு வெளியிட்ட லினக்சு கருநிரல் அதனுடன் இணைந்தபோது முழுமையான இயங்குதளம் உருவாயிற்று.

தமிழ் இடைமுகமும் எழுத்துருச் சிக்கலும்

லினக்சில் கேடிஇ, குனோம் ஆகிய பணிச்சூழல்கள் முறையே 1996, 1997ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பட்டன. அவற்றின் பட்டியல்களையும் அறிவிப்புகளையும் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்க இயலும். வணிக நிறுவனம் ஒன்று தமிழில் சந்தை உண்டா எனக் கணக்கிட்டு முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டிய தேவை இங்கில்லை. எனவே தமிழ்நாடு, இலங்கை, புலம்பெயர் நாடுகள் ஆகியவற்றில் வாழ்ந்த ஆர்வலர்கள் ஊதியம் எதுவுமின்றி இப்பணியில் ஈடுபட்டனர். 1998இல் சென்னையில் லினக்சு பயனர் குழு தோன்றியதும் இக்காலத்தையே சாரும்.

மொழிபெயர்ப்பைக் காட்டிலும் எழுத்துக் குறியாக்கமே பெருந்தடையாக நின்றது. 1991இல் வெளியான ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தபோதிலும், தமிழகத்தில் தட்டச்சும் அச்சுப்பணியும் வெவ்வேறு தனிக்குறியாக்கங்களில் நடைபெற்றன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டையடுத்துத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் அரசால் ஏற்கப்பட்டன. ஆயினும் அலுவலகங்களில் வானவில் எழுத்துருக்களும் அச்சகங்களில் பாமினி போன்ற எழுத்துருக்களும் நிலைத்திருந்தன. இவற்றில் உருவான கோப்பில் தமிழ் எழுத்துகளின் இடத்தில் உண்மையில் ஆங்கிலக் குறிகளே பதிவாகியிருக்கும். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு பொருளற்ற குறிகளின் தொகுதியாகத் தோன்றும். ஆகவே லினக்சில் ஒருங்குறித் தமிழ் செம்மையாக இயங்கிய பின்னரும், அடுத்த மேசையிலிருந்து வந்த பழைய கோப்பு அதில் திறக்கவில்லை என்ற குறை எஞ்சியது. 2010 சூனில் ஒருங்குறியைத் தமிழக அரசு முறையாக ஏற்ற பின்னரே இத்தடை தளரத் தொடங்கியது.

எல்காட்டும் பாஸ் லினக்சும்

2005இல் சென்னை சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து, நடுவணரசின் ஆதரவுடன் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நிறுவின. இம்முயற்சியின் விளைவாக 2007இல் பாஸ் லினக்சு வெளியிடப்பட்டது. 1993 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் டெபியன் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கான எழுத்துருக்களையும் உள்ளீட்டு வசதிகளையும் சேர்த்து அது உருவாக்கப்பட்டது.

ஏறத்தாழ இதே காலத்தில் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், அதன் மேலாண்மை இயக்குநர் சி. உமாசங்கர் காலத்தில் சூசே லினக்சுக்கு மாறியது. அரசு நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களின் மேசைக்கணினிகளையே மாற்றியது குறிப்பிடத்தக்கது. வழங்கியில் லினக்சு இயங்குவது அன்று புதுமையன்று. கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் அன்றாடம் அதையே பயன்படுத்துவதுதான் புதுமையாக இருந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. முதலாண்டில் மட்டும் 9.12 இலட்சம் கணினிகள் கொள்முதல் செய்யத் திட்டமிடப்பட்டது. அவற்றில் விண்டோசும் பாஸ் லினக்சும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. 2014 ஏப்ரலில் விண்டோசு எக்சுபிக்கான ஆதரவு முடிவுற்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்சை நிறுவ வேண்டுமென அறிவுறுத்தப்பட்டது.

இரண்டாம் இடத்தில் நின்ற தளம்

நெல்லை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் மேல்நிலைக் கல்வி பயின்ற மாணவருக்கு இம்மடிக்கணினி பெரும்பாலும் வீட்டின் முதற் கணினியாகும். பழைய பழக்கம் எதையும் மறக்க வேண்டிய தேவை அவருக்கில்லை. எனவே புதிய இயங்குதளம் வேரூன்ற இதனினும் ஏற்ற சூழல் அமைவது அரிது. எனினும் கணினியை இயக்கியவுடன் தோன்றும் இரு தெரிவுகளில் எதைத் தேர்வது என்பதை மாணவரின் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. ஆசிரியர் கற்பிப்பது, தேர்வில் கேட்கப்படுவது, அச்செடுக்கும் கடையில் திறப்பது, பழுது நீக்குபவர் அறிந்திருப்பது ஆகியவையே அதை முடிவு செய்கின்றன.

பாடத்திட்டம் இதற்குத் தெளிவான சான்றாகும். 2000களின் நடுப்பகுதியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் இசுடார் ஆபிசு மென்பொருளைக் கற்பித்தது. அதன் மூலநிரலே 2000இல் ஓப்பன் ஆபிசாக வெளியிடப்பட்டது. ஆனால் இவ்விரு மென்பொருள்களும் விண்டோசிலும் இயங்குபவை. ஆகவே பாடநூல் மாற்று அலுவலக மென்பொருளைக் கற்பித்ததே தவிர, மாற்று இயங்குதளத்தைக் கட்டாயமாக்கவில்லை. 2018இல் வெளியான பதினோராம் வகுப்புப் புதிய பாடநூலில் உபுண்டு லினக்சு இடம்பெற்றது. அங்கும் விண்டோசு முதற்பகுதியாகவும் லினக்சு இரண்டாம் பகுதியாகவுமே அமைந்தன. மேலும் மாணவர் கையிலிருந்த பாஸ் தளத்திற்கும் பாடநூல் விளக்கிய உபுண்டுவிற்கும் தோற்றத்தில் வேறுபாடு இருந்தது. அரசின் ஒரு கை வழங்கிய கருவியை மற்றொரு கை கற்பிக்கவில்லை எனலாம்.

கேரள ஒப்பீடு

சேரன்மகாதேவி வழியே செல்லும் இருப்புப்பாதை தென்காசி, செங்கோட்டை கடந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கொல்லத்தை அடைகிறது. மலைக்கு அப்பால் இவ்வரலாறு வேறுவகையில் நிகழ்ந்தது. 2001இல் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வியை நடத்திய ஐடி@ஸ்கூல் திட்டம், ஆசிரியர் அமைப்புகளின் வலியுறுத்தலுக்குப் பின்னர் முழுமையாகக் குனு/லினக்சுக்கு மாறியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பாடநூல் அத்தளத்தையொட்டி எழுதப்பட்டது. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடைபெற்றது.

தமிழ்நாடு ஒவ்வொரு மாணவருக்கும் தனிக்கணினி வழங்கியது. பொருள் மதிப்பில் இது பெரிய முதலீடாகும். கேரளம் பள்ளியின் பொதுக் கணினிகளை வைத்துக்கொண்டு ஆசிரியர், பாடநூல், தேர்வு ஆகிய மூன்றையும் ஒரே இயங்குதளத்தில் இணைத்தது. கருவி ஒருவர் கையில் இருப்பது அதைப் பயன்படுத்தும் வாய்ப்பை மட்டுமே தருகிறது. அவ்வாய்ப்பு வழக்கமாக மாறுவதற்குக் கற்பிக்கும் அமைப்பு தேவை என்பதை இவ்வொப்பீடு புலப்படுத்துகிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தமிழ் இடைமுகம் இன்மையே கட்டற்ற இயங்குதளம் நிலைபெறாமைக்குக் காரணம் என்ற கருத்து பொருந்தாது. தன்னார்வலர் உழைப்பால் அவ்விடைமுகம் முன்னரே உருவாகியிருந்தது. சுற்றிலும் நிலவிய தனிக்குறியாக்கக் கோப்புகளே அதைத் தனிமைப்படுத்தின. இரண்டாவதாக, இரு தளங்களையும் அருகருகே வைத்தது நடுநிலைபோலத் தோன்றினும், ஏற்கெனவே வலுப்பெற்றிருந்த தளத்திற்கே அது துணைநின்றது. மூன்றாவதாக, கொள்முதல், பாடத்திட்டம், அலுவலக நடைமுறை ஆகியவை தனித்தனித் துறைகளின் முடிவுகளாக இருந்தமையால் அவை ஒன்றையொன்று தாங்கவில்லை.

குருகுல விவாதத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு சிக்கல் முடிந்துவிடவில்லை. உண்ணும் முறை மாற வேண்டும் என்பதே எதிர்த்தோரின் கோரிக்கையாக இருந்தது. இங்கும் பொதுப்பணத்தில் பொதுமென்பொருளை வாங்கியது தொடக்கமே ஆகும். வகுப்பறையின் அன்றாட நடைமுறை மாறியிருந்தால்தான் அது நிறைவு பெற்றிருக்கும். நடுவணரசு 2015இல் திறமூல மென்பொருள் கொள்கையை அறிவித்த பின்னரும் இவ்வினா தொடர்கிறது. வரும் காலத்தில் மாணவர்களுக்குக் கணினி வழங்கும் எத்திட்டமும், அதில் எந்த இயங்குதளம் இருக்கும் என்பதோடு, அதை யார், எந்தப் பாடவேளையில், எந்தத் தேர்வுக்காகக் கற்பிப்பர் என்பதையும் முன்கூட்டியே வரையறுத்தல் வேண்டும். மாவட்ட அளவில் அம்மடிக்கணினிகளின் உண்மைப் பயன்பாட்டைக் கள ஆய்வின்வழி ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.