கூரையிழந்த ஆலயம்

தென் அயர்லாந்தின் திப்பரேரிப் பகுதியிலே, பசும்புல் வெளியின் நடுவே, சுண்ணாம்புக் கற்குன்று ஒன்று எழுந்து நிற்கின்றது. கஷெல் என்பது அதன் பெயர். வடக்கேயுள்ள மலையொன்றைச் சாத்தான் கடித்துத் துப்பிய துண்டே இக்குன்று என்பது அந்நாட்டு மக்கள் வழிவழியாகக் கூறிவரும் கதை. குன்றேறி, கூரையற்ற பேராலயத்தினுள் நின்று மேலே நோக்கினால் வானமே தெரிகின்றது. இந்த அழிவுக்கும் சாத்தான்தான் காரணமா என்று நாம் வினவாதிருக்க முடியாது.

வரலாறு தரும் விடை வேறு. பல நூற்றாண்டுகளாக மன்ஸ்ரர் நாட்டு மன்னரின் தலைமையிடமாக விளங்கியது கஷெல். அங்கு ஆண்ட பழங்குலத்தவரை வென்று 10ஆம் நூற்றாண்டில் ஆட்சியைக் கைப்பற்றியவன் பிரயன் போரு. அவனுடைய கொள்ளுப்பேரனான மன்னன் 1101ஆம் ஆண்டிற் குன்றைத் திருச்சபைக்குத் தானமாக வழங்கினான். இதிற் பக்தி இருந்திருக்கலாம். பழங்குலத்தவர் தம் அரியணைக் குன்றை மீண்டும் பெறாது தடுக்கும் சூழ்ச்சியும் இருந்தது என்பர் ஆராய்ச்சியாளர். ஆயினும் அப்பழங்குலத்திற் பிறந்த கோர்மக் மக்கார்த்தியே 1127இல் அங்கு ஓர் அழகிய சிற்றாலயத்தைத் தொடங்கினான். 1134இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. 28 மீற்றர் உயரமான வட்டக் கோபுரமும், 13ஆம் நூற்றாண்டிலெழுந்த பேராலயமும் அதனருகே நிற்கின்றன.

1647ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் படை கஷெலைத் தாக்கிற்று. ஆலயத்துள் அடைக்கலம் புகுந்த மக்களும் குருமாரும் நூற்றுக்கணக்கில் வெட்டுண்டனர். அப்படையை நடத்திவந்த இஞ்சிக்குயின் பிரபு வேற்று நாட்டவனல்லன். குன்றைத் தானஞ்செய்த மன்னனின் அதே ஓ பிரயன் குலத்தவன். தம் குலத்தோன் கடவுளுக்குக் கொடுத்ததை அவன் தன் எசமானருக்காக அழித்தான்.

அன்று மாண்டவருள் தியோபோல்ட் ஸ்ரேப்பிள்டன் என்னும் குருவானவரும் ஒருவர். 1639இல் பிரசல்ஸ் நகரில் ஐரிஷ் மொழியில் ஞானோபதேச நூலை அச்சிட்டவர் அவர். கற்றோர் மொழியைக் கடினமாக்கி மக்களுக்கு எட்டாததாக்கினர் எனக் கண்டித்து, எழுத்துக்கூட்டலை எளிதாக்க முயன்றவர். மக்கள் மொழிக்காக உழைத்த அறிஞரின் குருதியும் அக்கற்களிற் படிந்தது என்பதை எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நாம் மறத்தலாகாது.

எனினும், கூரையைப் பறித்தது வாளன்று. 18ஆம் நூற்றாண்டில் ஆலயம் அரசுசார்ந்த புரட்டஸ்தாந்துத் திருச்சபையின் உடைமையாயிருந்தது. 1749இல் அதன் அதிமேற்றிராணியார் ஆதர் பிறைஸ் வழிபாட்டைக் கீழேயுள்ள நகருக்கு மாற்றிக் கூரையைக் கழற்றுவித்தார். அவருடைய குதிரைவண்டி குன்றேற இயலாமையே காரணம் என்று மக்கள் கதை கட்டினர். கதை மெய்யாயினும் பொய்யாயினும் அதன் கசப்பு மெய்யானது. அந்நாட்டிற் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். தாம் காலடி வைக்காத திருச்சபைக்கு அவ்வேழைக் குடியானவர் விளைச்சலிற் பங்கு செலுத்திவந்தனர். 1830களில் அவர்கள் அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர்; 1869ஆம் ஆண்டுச் சட்டமே அத்திருச்சபையை அரசிலிருந்து பிரித்தது.

பேராலயத்தின் கூரை போயிற்று. கோர்மக்கின் சிற்றாலயத்துக் கற்கூரை இன்றும் நிலைத்துள்ளது. அதனை அடுக்கிய கைகளின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆலயத்தைத் தானஞ்செய்தவனையும் எரித்தவனையும் இடித்தவனையும் வரலாறு பெயரிட்டுச் சொல்கின்றது. சாத்தான்மேற் பழிபோடுதல் எளிது; கல்லோ அதிகாரத்தையே சாட்டி நிற்கின்றது.