சரளா தக்ராலின் இரண்டாம் உரிமம்

1936-இல் லாகூரில் ஜிப்சி மாத் விமானத்தைத் தனியே செலுத்தியபோது சரளா தக்ராலுக்கு வயது 21; நான்கு வயது மகளுக்குத் தாய். பின்னர் 1000 மணி நேரம் பறந்து ‘ஏ’ உரிமம் பெற்றார். அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இச்சாதனையோடு நின்றுவிடுகின்றன. அதன்பின் நேர்ந்த காத்திருப்பும் வரலாறே.

1939-இல் அவர் கணவர், விமானி பி. டி. சர்மா, விபத்தில் மாண்டார். வணிக விமானி உரிமம் வேண்டிச் சரளா ஜோத்பூரில் பயிற்சியை நாடினார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. குடிமக்களுக்கான பயிற்சி நிறுத்திவைக்கப்பட்டது. ஆயினும் பறத்தல் கழகங்கள் ஓய்ந்திருக்கவில்லை; விமானப்படைக்கு ஆடவரைப் பயிற்றுவித்தன. ஆடவருக்கு வானைத் திறந்த போர், பெண்ணுக்கு அதை அடைத்தது. இந்திய விமானப்படையில் பெண்கள் விமானிகளாவதற்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரளா லாகூர் மேயோ கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றார். பிரிவினைக்குப் பின் தில்லியில் ஆடை, அணிகலன் வடிவமைப்பில் பெயர் பெற்றார். அவரது மனவுறுதி போற்றத்தக்கது. எனினும், ‘நிறுத்திவைப்பு’ என்னும் சொல்லில் மீண்டும் தொடங்கும் என்ற உறுதி உள்ளுறைந்திருக்கிறது. அவரது பயிற்சி மீண்டும் தொடங்கவேயில்லை.