முதுகுக் காயமும் அதன் சான்றும்: மலைநாட்டுத் தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தெல்தெனியவைக் கடந்து மேலேறுவோர் ஹுன்னஸ்கிரியவை அடைவர். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாய்வில் அமைந்த இப்பகுதியின் தேயிலை மலைகளிற் சுமை பெரும்பாலும் மனித உடலின் மீதே ஏறி இறங்குகின்றது. கொழுந்துக் கூடை தலைக்கயிற்றில் தொங்கி முதுகிற் படிகின்றது. உர மூடை தோளேறிச் செங்குத்தான படிகளைக் கடக்கின்றது. இத்தகைய மலையொன்றில் இருவர் காயமுற்றனர் எனக் கொள்வோம். ஒருவர் வழுக்கி வீழ்ந்து கையை முறித்துக்கொண்டார். மற்றவர் மூடையைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்ததாக உணர்ந்தார். மறுநாட் காலை எழ முடியவில்லை. முன்னவர் தமது கையைக் காட்டலாம். பின்னவர் எதைக் காட்டுவார்? இவ்வினா சட்ட வரலாற்றில் எவ்வாறு எழுந்தது என்பதையும், தோட்டத்தில் அது என்ன வடிவம் பெற்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுகின் நோவை ஐயுறும் வழக்கம் புகையிரதத்துடன் வளர்ந்தது எனலாம். இங்கிலாந்தில் புகையிரத விபத்துகளிற் சிக்கியோர் பலர், வெளிக்காயம் ஏதுமின்றியே முதுகு வலியும் தளர்ச்சியும் உற்றதாகக் கூறி நட்டஈடு கோரினர். 1866இல் எரிக்சன் என்னும் இலண்டன் சத்திர சிகிச்சை நிபுணர் இது முள்ளந்தண்டு அதிர்ச்சியின் விளைவென வாதிட்டு நூலொன்றை வெளியிட்டார். 1883இல் ஹேர்பேட் பேஜ் என்பார் அதனை மறுத்து, இக்குறிகளிற் பல அச்சத்தினால் விளைபவை என்றார். பேஜ் ஒரு புகையிரதக் கம்பனியின் வைத்தியர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1867இல்; அது கோப்பியை ஏற்றிச் செல்லவே பெரிதும் வேண்டப்பட்டது. அக்கோப்பியைச் சுமந்த முதுகுகளைப் பற்றி எரிக்சனும் பேஜும் வாதிடவில்லை.

1897இல் பிரித்தானியாவில் இயற்றப்பட்ட வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் நிலைமையை மாற்றியது. அதற்கு முன் முதலாளியின் கவனயீனத்தைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின்படி, தொழிலின் காரணமாகவும் தொழிலின் போதும் விபத்தொன்று நேர்ந்தது எனக் காட்டினாற் போதும். ஆயின் விபத்து என்பது யாது? விலங்குத் தீவனத் தொழிற்சாலை ஒன்றில் இறுகிப்போன சக்கரத்தைத் திருப்ப முயன்ற பென்ரன் என்னும் தொழிலாளிக்குக் குடலிறக்கம் ஏற்பட்டது. அவர் வீழவுமில்லை, இயந்திரம் உடையவுமில்லை. எனவே விபத்தில்லை எனக் கீழ் நீதிமன்றம் கருதியது. 1903இல் பிரபுக்கள் சபை அதனை மறுத்து, எதிர்பாராத கேடு எதுவும் விபத்தே எனத் தீர்த்தது. 1910இல் மற்றொரு வழக்கில், ஏற்கெனவே நோயுற்றிருந்த உடம்பு சாதாரண முயற்சியினாற் கேடுறினும் அதுவும் விபத்தே என்று அச்சபை கொண்டது. முதுகு நோவுற்ற தொழிலாளிக்கு இவ்விரண்டினும் மேலான துணை சட்டத்தில் இல்லை என்பது எனது கருத்து.

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதே சொற்றொடரையே அடிப்படையாகக் கொண்டது. அப்போது அரசாங்க சபையிலே தொழில் அமைச்சராயிருந்தவர் ஹட்டன் தொகுதி உறுப்பினரான பெரி சுந்தரம். சட்டத்தின் அட்டவணை கை, கால், விரல், கண் ஆகியவற்றின் இழப்புக்கு நூற்றுவீதம் கூறுகின்றது. அட்டவணையில் அடங்காத காயத்துக்கோ, உழைக்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்பதை நிறுவியாக வேண்டும். முதுகு பெரும்பாலும் இவ்வகையிற் சேர்ந்தது. விந்தை யாதெனில், அதே 1934இல் பொஸ்ரன் நகர வைத்தியர்களான மிக்ஸ்ரரும் பாரும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் இடுப்பும் காலும் நோவெடுக்கும் என்பதை விளக்கிக் கட்டுரை எழுதினர். சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெரியும், வட்டுத் தெரியாது. படம் பழுதற்றிருப்பதால் முதுகும் பழுதற்றது என்னும் வாதம் வலுவிழந்தது இதனாலேயே.

இனித் தோட்டத்துக்கு வருவோம். அங்கே சான்று என்பது ஏடுகளில் உள்ளது. காலையிற் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கப்படுகின்றது. கணக்கப்பிள்ளை செக்ரோலிற் பேர் போடுகின்றார். அன்று அவர் எந்த மலையில் என்ன வேலையில் நின்றார் என்பதற்கு அப்பேரே சாட்சி. இடையில் வேலையை விட்டவருக்கு அரைப்பேர் விழுந்திருப்பின், கூலியில் அது இழப்பாயினும் வழக்கில் அது பேருதவி. அந்நேரத்தில் ஏதோ நேர்ந்தது என்பதை அது காட்டும். அடுத்த ஏடு தோட்ட மருந்தகத்தினது. நோவுற்றவர் அன்றே அங்குச் சென்று, மூடை தூக்கும்போது பிடித்தது எனக் கூறி, அதுவும் அவ்வாறே எழுதப்பட்டிருப்பின் காரணமும் காயமும் ஒரே வரியில் இணைகின்றன. ‘இடுப்பு வலி’ என மட்டும் எழுதித் தைலம் கொடுத்தனுப்பினால் அவ்விணைப்பு அறுந்து போகின்றது. முதுகின் இயல்போ உடனே முறையிடுவதன்று. தசைப்பிடிப்பு என்று எண்ணி லயத்திற்குச் சென்று, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மூன்றாம் நாள் கால் மரத்த பின்னரே பலர் மருந்தகத்தை நாடுகின்றனர். அம்மூன்று நாளும் எதிர்த்தரப்பின் வாதத்துக்கு உரியன: வீட்டில் விறகு தூக்கும்போது பிடித்திருக்கலாகாதா? இவ்விடத்தில், உடன் மூடை தூக்கியவரின் சாட்சியம் மூன்றாம் துணையாகின்றது. ஏடுகள் இரண்டும் தோட்ட நிருவாகத்தின் கையில் உள்ளன. இச்சாட்சியோ அதே நிருவாகத்திடம் நாளைக்கும் பேர் வாங்க வேண்டியவர். தொழிற்சங்கத் தலைவர்கள் விபத்து நடந்த நாளைக் குறித்து வைக்குமாறு வற்புறுத்துவதன் பொருள் இதுவே.

எனினும் நாள் குறிக்க இயலாத முதுகுகளும் உள. 1948இல் வேல்ஸ் தேசத்துக் கற்சுரங்கத் தொழிலாளி ஒருவரது வழக்கிலே, ஆண்டுக்கணக்காகப் படிப்படியாக வளர்ந்த கேடு விபத்தாகாது எனப் பிரபுக்கள் சபை தீர்த்தது. அவ்வழக்கு நுரையீரலைப் பற்றியது. ஆயினும் அதன் நிழல் முதுகின் மீதும் விழுகின்றது. ஒரே நாளிற் பிடித்த முதுகுக்கு வழியுண்டு. முப்பதாண்டு கூடை சுமந்து கூனிய முதுகுக்கு இல்லை. தொழில்வழி நோய்களுக்கெனச் சட்டம் வேறு பட்டியல் கொண்டிருப்பினும், அது தொடக்கத்தில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்களால் வரும் நோய்களையே பெரிதும் கருதியது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களாதலின் இவ்வேறுபாட்டின் சுமை அவர்கள் மீதே கூடுதலாகப் படிகின்றது. நான் அறிந்த மட்டில் இச்சட்டத்தின் மிகப் பெரிய குறை இதுவேயாகும்.

2022ஆம் ஆண்டின் திருத்தம் நட்டஈட்டின் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உள்ளடக்கியது. லயத்திலிருந்து மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் மழைக்காலத்தில் வழுக்கி வீழும் ஹுன்னஸ்கிரியத் தொழிலாளிக்கு இது சிறு மாற்றமன்று. ஆனால் அவர் வீழ்ந்த நாளும் இடமும் மருந்தக ஏட்டில் ஏறியிருக்க வேண்டும்.