வந்தி வீட்டுக் கூலியாள்

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் மக்கள் மனத்துக்கு மிக நெருக்கமான நாள் புட்டுத் திருவிழா. சிவபெருமான் பிட்டுக்கு மண் சுமந்த கதையே அதற்கு அடிப்படை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்லும் 64 விளையாடல்களில் இது 61ஆவது. கதை மட்டும் அவர் காலத்தைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. மாணிக்கவாசகரே திருவாசகத்தின் திருவம்மானையில், மதுரையில் இறைவன் மண் சுமந்து அடிபட்டதைச் சொல்லி உருகியிருக்கிறார்.

புராணத்தின்படி, பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டார். அரிமர்த்தன பாண்டியன் அவரைச் சிறையிட்டு வருத்தினான். அப்போது இறைவன் திருவிளையாடலால் வைகை பெருகிக் கரையை உடைத்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று அரசாணை பிறந்தது. ஊரைக் காக்க ஊரே உழைப்பது நியாயம்தான். ஆனால், பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்குப் பிள்ளை குட்டி, உற்றார் உறவினர் எவரும் இல்லை. எல்லோருக்கும் சமமாக விதித்த பங்கு, ஆளே இல்லாத அந்த வீட்டின்மேல்தான் பெரும்பாரமாக இறங்கியது.

அழுக்குத் துணியும் தலையில் சும்மாடும் கூடையுமாக ஒரு கூலியாள் வந்து நின்றான். உதிர்ந்த பிட்டுதான் கூலி என்று பேசிக்கொண்டதாகவும், அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போனதாகவும் மக்கள் வழக்கில் சொல்வார்கள். உண்டவன் வேலை செய்யவில்லை. ஆடினான், பாடினான், மர நிழலில் படுத்து உறங்கினான். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. சினந்த பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், உலகத்து உயிர்கள் அனைத்தின்மீதும் விழுந்தது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்தான், கரை அடைபட்டது. வந்தி சிவலோகம் சேர்ந்தாள். மாணிக்கவாசகருக்கு இழைத்த பிழையை மன்னன் உணர்ந்தான்.

கரை அடைபட்ட அற்புதத்தைவிட, பிரம்படி விழுந்த இடமே இக்கதையின் நெஞ்சு. கூலிக்காரனின் முதுகு தனி முதுகு அல்ல என்பதை இதைவிட அழுத்தமாகச் சொன்ன புராணக் காட்சி அரிது. ஏழையின் பிட்டைக் கூலியாகப் பெற்று இறைவன் அவள் வேலைக்காரனாகிறான் என்பதிலும் பக்தி மட்டுமல்ல, உழைப்புக்குத் தரும் மதிப்பும் இருக்கிறது.

கரிக்குருவிக்கு உபதேசம், தருமிக்குப் பொற்கிழி, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது என ஆவணி மூலத் திருவிழா நாட்களில் வேறு விளையாடல்களும் நடத்தப்படுகின்றன. சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகமும் இவ்விழாவில்தான். சித்திரையில் முடிசூடிய மீனாட்சியிடமிருந்து ஆட்சி அவர் கைக்கு வருகிறது. புட்டுத் திருவிழாவன்று சுவாமியும் அம்மனும் ஆரப்பாளையம் வைகைக் கரையிலுள்ள புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்வர். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் மதுரைக்கு வருவார்கள். மண் சுமக்கும் காட்சியும் பிரம்படியும் புட்டுத்தோப்பில் நிகழ்த்தப்படும்; இறைவனுக்குப் பிட்டு படைக்கப்படும்.